மாப்பிள்ளை இல்லாத மாப்பிள்ளைக் கார்கள்

ஐசே,

நேற்றுக் காலை புக்கிட் பெருவாங்கில் என் பேரன் வீட்டு வாசலில் புதுக் கார் ஒன்று வந்து நின்றது. நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கண்ணாடியில் விபூதிப் பட்டை, பானட்டில் சந்தனம் குங்குமம், காரின் மூக்கு முழுவதையும் மறைத்துக்கொண்டு கைத்தடிமன் செவ்வந்தி மாலை. "ஏறுங்க தாத்தா, ஒரு ரவுண்டு போகலாம்" என்று இன்ஜினைக் கிளப்பினான். சூடேறிய இரும்பும் செவ்வந்தியும் கலந்த அந்த வாசம் வந்ததுதான் தெரியும், ஊன்றுகோலைப் போட்டுவிட்டு ஓடினேன். மாலையைத் தூக்கி பானட்டின் மேலே விரித்துப் போட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு இதழும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பேரன் சிரித்தான். "இப்ப உள்ள காடிலாம் அப்படி இல்ல லா தாத்தா. எல்லாம் உள்ளுக்குள்ள கம்ப்யூட்டர் பாத்துக்கும்." படியில் உட்கார்ந்திருந்த பார்வதி, "விடுடா, அது ஐசே போட்ட சட்டம். இந்த வீட்டுல அதை யாரும் மாத்த முடியாது" என்றாள். உம் பெயர் காதில் விழுந்ததும் எனக்கு உம்மிடம் பேச வேண்டும்போல ஆகிவிட்டது. நீர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. இதை எழுதி எந்தத் தபாலில் போடுவது என்று தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உம்முடைய ஆட்கள் பழகியவரை 'ஐசே' என்றும் 'நீர்' என்றும்தான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கால்சட்டை. நான் தோட்டத்து லயத்தில் பிறந்து, மலாக்காவுக்கு டாக்சி ஓட்ட வந்தவன். முதலில் உம்மை 'சார்' என்றேன். "நான் என்ன வாத்தியோ, ஐசே?" என்று கேட்டீர். அன்றிலிருந்து டாக்சி ஸ்டாண்டே உமக்கு ஐசே என்று பெயர் வைத்துவிட்டது. அந்த 'நீர்' என் வாயிலும் தொற்றிக்கொண்டது. வேறு யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை, உம்மோடு அதுவும் போய்விட்டது.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சரபத் கடைக்கு வந்துவிடுவீர். அங்கே பேச்சு ஒன்றுதான். எந்த நாட்டுக் கார் நிற்காமல் ஓடும், பெட்ரோல் நல்லதா டீசல் நல்லதா. அமெரிக்கக் கார் வைத்திருந்தவர், "சோபாவுல உக்காந்து போற மாதிரி லா" என்பார். "ஓமோம், பெட்ரோல் பம்புக்குப் பம்பு இறங்கி நிண்டு காலும் நீட்டலாம்" என்பீர். ஜப்பான்காரன் காலத்தில் கரி அடுப்பைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டிய கதையை ஒருவர் தினமும் எடுப்பார். என்னுடையது இங்கிலாந்துப் பெட்ரோல் கார், ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. எனக்கு எதிர்க்கட்சி டீசல் பாபா. மலாக்காவிலேயே தலைமுறையாக இருந்த சீனர், வீட்டில் பேசுவதே மலாய்தான், ஜெர்மன் டீசல் கார் வைத்திருந்தார். காலையில் அவர் அந்த இன்ஜினைச் சூடு காட்டி எழுப்புவதற்குள் நான் ஒரு கிளாஸ் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிடுவேன். ஆனால் மழைக் காலத்தில் ரோட்டில் வெள்ளம் ஏறி, என் கார் பிளக் நனைந்து நடுத்தண்ணீரில் நின்றால், பாபா கடகடவென்று பக்கத்தில் போய்க்கொண்டே எனக்குக் கையாட்டுவார். அந்தக் கையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரியும்.

நீர் டீசல் கட்சி. சொந்தமாக ஒரு சைக்கிள்தான் வைத்திருந்தீர், ஆனால் ஆபீஸ் முற்றத்தில் நின்ற அத்தனை வண்டியின் வியாதியும் உமக்குத் தெரியும். "நடுவழியில நிக்கிறது ஒரு வியாதி. காலமை எழும்பாதது இன்னொரு வியாதி. கெதியாக் கிழடாகிறது மூண்டாவது. மூண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதையும் ஐசே" என்பீர். யாராவது தன் காரை உயர்த்திப் பேசினால் உடனே குறுக்கே விழுவீர்: "எந்த ரோட்டில? எத்தினை பேரோட?" பாதையும் பாரமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பிடவே கூடாது என்பது உம்முடைய வேதம். நீர் வருவதைப் பார்த்தாலே நாங்கள் ஒருவருக்கொருவர் "எந்த ரோட்டில?" என்று கேட்டுக்கொண்டு சிரிப்போம்.

பார்வதி கதைக்கு வருகிறேன். உமக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுத எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஃபேக்டரியின் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தார் அவள் அப்பா. தோட்டமே அவரை இன்ஜின்காரர் என்றுதான் சொல்லும். ஒரு பெரிய டீசல் இன்ஜின், அதைத் தன் மூத்த பிள்ளை மாதிரி வைத்திருந்தார். தூக்கத்தில் அதன் சத்தம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று பேசிக்கொள்வார்கள். இளையவள் பார்வதி. நான் ஆட்களை இறக்கிவிடப் போகும்போதெல்லாம் கேட்டருகே குழாயடியில் நிற்பாள். ஒருநாள் அவளாகவே, "உங்க காடி மூணாவது வளைவுல வரும்போதே சத்தம் தெரிஞ்சிடும்" என்றாள். ஒரு பெண் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை ஒரு இன்ஜினைப் பற்றி. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும், சொல்லும்.

அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை மலாக்காக்காரர், மாப்பிள்ளைக் கார் என் கார். பாதிப் பெண் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். காரை நான் ஜோடித்த ஜோடிப்பு மலாக்கா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்பக்கம் மூன்று வரிசை பூமாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் மாவிலைத் தோரணம். காருக்கு முகமே தெரியவில்லை.

அது அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி, சாயங்காலம் கேட் மூடினால் மறுநாள் காலையில்தான் திறக்கும். ரோட்டில் தடுப்பு போட்டுப் பட்டாளத்துக்காரர்கள் ஐ.சி. என்ற அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். அதையெல்லாம் தாண்டி நல்ல நேரத்திலேயே வந்தோம். தோட்டத்துக்கு முன்னால் முனீஸ்வரன் கோயில் மேடு இருக்கிறதே, அதில் பாதி ஏறும்போது புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் கொதித்துக் கண்ணாடியெல்லாம் வெந்நீர். இரண்டு பக்கமும் காடு. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த பட்டாள லாரி நின்றது. நான் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளையைப் பட்டுவேட்டியோடு தூக்கி லாரியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் உதவி செய்ததாகத்தான் நினைத்தார்கள். ஆனால் தோட்டத்துக் கண்ணில் பட்டது வேறு. தலைப்பாகை சாய்ந்த மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். "ஐயோ, மாப்பிள்ளைய புடிச்சிட்டானுங்களே" என்று ஒரு அம்மாள் வைத்த ஒப்பாரியில் நாதஸ்வரம் நின்றுபோனது. ஆண்களில் பாதிப் பேர் லயத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். மணமகள் மயங்கி விழுந்தாள். எல்லாம் தெளிந்து, தண்ணீர் தெளித்து, தாலி கட்டி முடிக்கும் நேரத்தில் நான் காரைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தேன். இன்ஜின்காரர் பந்தலை விட்டு எழுந்து வந்து என் காரைச் சுற்றிப் பார்த்தார். "டீசல் வண்டியா இருந்தா இப்படி நடுரோட்டுல மானத்த வாங்குமா? பெட்ரோல்காரனுக்கு இனிமே என் வீட்டுப் படி கிடையாது" என்றார். பார்வதி அக்காவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

அப்புறம் எனக்கு ஸ்டாண்டில் சுடுதண்ணி என்று பெயர் விழுந்தது. "சுடுதண்ணி காடியா? வேணாம் லா, பாபா காடியில போறோம்" என்று தெரிந்தவர்களே தாண்டிப் போனார்கள். அதுகூடப் பெரிதில்லை. தை பிறந்ததும் பார்வதியை அலோர்காஜாவில் டீசல் லாரி ஓட்டும் ஒருவருக்கு நிச்சயம் செய்யப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. லாரிக்காரர் நல்ல மனிதர் என்று வேறு சொன்னார்கள்.

எனக்கு ஒரே சந்தேகம், கண்திருஷ்டி. ஜோடித்த காரை மலாக்காவே வாய் பிளந்து பார்த்ததே. அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன், எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். ஆயுத பூஜைக்கு, போன தடவையைவிடத் தடிமனாக மாலை போட்டேன். அன்றைக்கு பசார் நடுவில், மீன்காரர்கள் எல்லாரும் பார்க்க, மறுபடியும் கொதித்தது. சூனியமே வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, மந்திரிக்கிற ஆளைத் தேடி மூவார் வரை போவதாக இருந்தேன்.

நீர் சரபத் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இரும் ஐசே. அவசரப்படாதையும். அந்த முனீஸ்வரன் மேட்டில முந்தி ஏறினதில்லையோ?" என்று கேட்டீர்.

"ஆளை நிறைச்சு, மேலே மூட்டையும் கட்டி எத்தனை தடவை ஏறியிருக்கேன். ஒரு தடவைகூட நின்னதில்ல."

"பாதை அதேதான். பாரம் கலியாணத்தண்டு குறைவு. அப்ப அண்டைக்கும் ஆயுத பூசைக்கும் என்ன வித்தியாசம்?"

"ரெண்டு நாளும் எல்லார் கண்ணும் பட்டுச்சு."

"கண் பட்டதோ, வேற ஏதும் பட்டதோ, பாப்பம்."

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூஜை போட்ட காரை இன்ஜின் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னீர். கடையிலிருந்து பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து வந்து, மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காகிதத்தை ரேடியேட்டர் கிரில்லுக்குக் கிட்டக் கொண்டுபோனீர். உள்ளேயிருந்த காற்றாடி அதைச் சப்பென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. பிறகு மாலையைத் தொங்கவிட்டு அதன் மேல் அதே காகிதத்தை வைத்தீர். கை எடுத்ததும் அது கீழே விழுந்தது. மறுபடி வைத்தீர், மறுபடி விழுந்தது.

"சாமிக்குப் போட்ட மாலை காரைக் கெடுக்குமா?" என்று கோபமாகத்தான் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சே பேசியதில்லை.

"சாமிக்குப் போடும் ஐசே, வடிவாப் போடும். ரேடியேட்டருக்குப் போடாதையும். அதுதான் காரிட மூக்கு."

எனக்கு அப்போதே ஜாசினுக்குப் பறந்துவிட வேண்டும்போல இருந்தது. நீர் விடவில்லை. வாயால் சொன்னால் இன்ஜின்காரர் நம்பமாட்டார், பெட்ரோல்காரன் சாக்குச் சொல்கிறான் என்பார், கண்ணால் காட்ட வேண்டும் என்றீர். அதுவும் என் காரை மட்டும் காட்டிப் பயனில்லை, டீசலுக்கும் அதே மாலையைப் போட்டு, அதே மேட்டில், அதே பாரத்தோடு ஏற்றிக் காட்ட வேண்டும் என்றீர். பாபாவின் காருக்கு அதுவரை யாரும் மாலை போட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாபா முதலில் தன் காரைத் தடவிப் பார்த்தார், பிறகு "போலே லா", செய்யலாம் என்றார். தன் டீசல் கொதிக்காது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கு உம்மிடம் ஒன்று கேட்டேன். "நீர் டீசல் கட்சி ஆச்சே. பாபா காரும் கொதிச்சா உம்முடைய வாதம் போயிடுமே."

"போனாப் போகட்டும். நான் டீசல் பக்கம்தான். அதுக்காகப் பொய்க் கணக்குச் சொல்லேலாது."

இதைச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் பேசுகிறவர்கள் எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள். தன் பக்கத்துக்கு எதிராக எனக்காக நின்றவர் நீர் ஒருவர்தான், ஐசே. அன்றைக்குத்தான் நீர் எனக்கு யார் என்று தெரிந்தது.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி உமக்குத் தெரிந்தவர். அவர் மூலம் இன்ஜின்காரருக்குச் சொல்லி அனுப்பினீர். இரண்டு காரை ஒப்பிட்டுப் பார்க்கிறோம், இன்ஜின் தெரிந்த ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும், இந்த வட்டாரத்தில் உங்களை விட்டால் ஆள் இல்லை. அந்த வார்த்தைக்கு அவர் எப்படி வராமல் இருப்பார்? ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் மாலை இல்லாமல் முதல் ஓட்டம். ஸ்டாண்டு ஆட்களை இரண்டு காரிலும் சமமாக ஏற்றினீர். பருத்தவர் ஒருவர் என் பக்கம் வந்ததற்கு ஈடாக அந்தப் பக்கம் ஒரு தேங்காய் மூட்டை. இரண்டு காரும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் மேடேறின. மேட்டில் நான் முந்தினேன், பாபா நிதானமாக வந்தார். "ரெண்டும் வந்துச்சு. என்னா இப்ப?" என்றார் இன்ஜின்காரர். "இனித்தான் இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டு எங்களை மலாக்காவுக்குத் திருப்பினீர்.

இன்ஜின்கள் நன்றாக ஆறிய பிறகு இரண்டு காருக்கும் ஒரே பூக்காரரிடம், ஒரே அளவில் மூன்று வரிசை மாலை. வாழைக்கன்றையும் விடவில்லை. நீர் காலையைப் போலவே பாபாவின் காரில் ஏறிக்கொண்டீர். இப்படி இரண்டு மாப்பிள்ளைக் கார்கள் ரோட்டுத் தடுப்பில் போய் நின்றன. சார்ஜெண்ட் உள்ளே குனிந்து பார்த்தார். முதல் காரில் காக்கிச் சட்டை டாக்சிக்காரர்கள். இரண்டாவது காரில் காக்கிச் சட்டை டாக்சிக்காரர்கள், கூட ஒரு கிளார்க், தேங்காய் மூட்டை. பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. எல்லாரையும் கீழே இறக்கி வரிசையாக நிறுத்திவிட்டார். ஒரு சிப்பாய் தேங்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தான். நீர் அழகான இங்கிலீஷில் பெட்ரோல், டீசல், காற்றோட்டம் என்று விளக்க விளக்க அவருடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. "மாப்பிள்ளை எங்கே?" என்று கடைசியாகக் கேட்டார்.

கிரீஸ் பிடித்த சட்டையோடு நின்ற என்னைக் கைகாட்டி, "இவர்தான்" என்றீர்.

பொய்க் கணக்குச் சொல்லமாட்டேன் என்றவர் வாயிலிருந்து வந்தது அது. பிறகு நான் குத்திக்காட்டியபோது, "அது பொய்யில்லை ஐசே, கொஞ்சம் முந்திச் சொல்லிட்டன்" என்று சமாளித்தீர். சார்ஜெண்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணக் கார்கள் வருகின்றன, கேட்டில் தாமதிக்காமல் விடுங்கள் என்று ஒரு ஜீப்பையும் முன்னால் அனுப்பிவிட்டார். அந்த ஜீப் கொண்டுபோன செய்தி என்ன என்று அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முனீஸ்வரன் மேட்டில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், என் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. பாபா வழக்கம்போலக் கையாட்டிக்கொண்டே தாண்டிப் போனார். நீர் என்னைப் பார்க்கவில்லை, என் காரின் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு போனீர். நீர் சொல்லியிருந்தபடி நான் மாலையைக் கழற்றிக் கூரையில் கட்டினேன், ஆறவிட்டேன், தண்ணீர் ஊற்றினேன், கிளப்பினேன். என் கார் பூனைபோல மேடேறியது. கடைசி வளைவில் திரும்பினால், கேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஜெர்மன் டீசல் கார் குபுகுபுவென்று ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. பாபா மாலையைக் கழற்றத் துடிக்கிறார், நீர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர். இன்ஜின்காரர் நாற்காலியை விட்டு எழுந்து ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்.

நான் நிற்கவில்லை. பாபாவைப் பார்த்து நன்றாக, நிதானமாகக் கையாட்டிக்கொண்டே போனேன். எத்தனை மழைக் காலத்துக் கடன் அது. இந்த வயதிலும் அந்தக் கையாட்டலை நினைத்தால் எனக்குத் தனியாகச் சிரிப்பு வருகிறது.

கேட்டில் நின்ற மலாய்க்காரக் காவலர் ஜீப் சொன்னதை நம்பி, "மாப்பிள்ளை வந்துட்டார்" என்று மலாயில் உரக்கச் சொல்லிக் கேட்டை முழுக்கத் திறந்துவிட்டார். லயத்திலிருந்த பெண்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். கூரையில் மாலை, உள்ளே நான். எந்த மாப்பிள்ளை, யாருக்கு மாப்பிள்ளை என்று ஒரே சலசலப்பு. கூட்டத்தில் பார்வதியும் இருந்தாள். நான் ஸ்டீயரிங்கை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தேன்.

அங்கே ரோட்டில் இன்ஜின்காரர் ஆவிக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். தன் கையாலேயே மூன்று வரிசை மாலையையும் பிடுங்கினார்.

"டீசலும் கொதிக்குமா?"

"மூச்சை அடைச்சா எந்த இன்ஜினும் கொதிக்கும் ஐயா. டீசல் கொஞ்சத் தூரம் கூட வந்தது, அவ்வளவுதான். அதையும் சொல்லத்தான் வேணும்" என்றீர்.

அவர் உம்மையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு நடந்து வந்தார். என் காரின் பானட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்போதுதான் பார்வதி, அத்தனை பேருக்கு முன்னால், அவள் அப்பாவுக்குப் புரிகிற பாஷையில் பேசினாள். "மூணாவது வளைவுலருந்தே கேட்டேன்ப்பா. நல்ல சத்தம்தான்."

"பெரியவ கல்யாணத்தன்னிக்கு இந்த மாதிரி மாலைய யாரு போட்டது?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"நான்தான் மாமா."

மாமா என்பது தானாக வந்துவிட்டது. அவர் பானட்டை இறக்கி மூடினார். பிறகு உம் பக்கம் திரும்பி, "கேட்டுல மாப்பிள்ளைன்னு சொல்லி ஊரே பாத்தாச்சு. அலோர்காஜாவுக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். ஆவி படிந்துவிட்டது என்று சொன்னீர். கேட்டுப் பக்கம் ஆவியே இல்லை, ஐசே.

தையில் எங்கள் கல்யாணம். என் காரில் நான், பின்னால் பாபாவின் காரில் நீர். மாலைகளெல்லாம் கூரையில். தடுப்பில் அதே சார்ஜெண்ட், "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு வழிவிட்டார். மேட்டில் ஒரு சொட்டு ஆவி இல்லை. கேட்டில் இன்ஜின்காரர் நின்று இரண்டு காரின் மூக்கையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஆரத்தி எடுக்கவிட்டார். சுடுதண்ணி என்ற பெயரும் அன்றோடு போய்விட்டது.

அதன் பிறகும் நீர் டீசலை விடவில்லை. என் பெட்ரோல் காருக்கு வயதாகி, நான் டீசல் கார் வாங்கி ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு முழம் பூ வாங்கிப் பின் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு சரபத் குடிக்கப் போனீர். பேரன் இப்போது சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறான். பெட்ரோலும் டீசலும் ஒரே எண்ணெயைக் காய்ச்சும்போது பிரிந்து வருவதுதான் என்கிறான். சரபத் கடையில் நாம் கட்சி கட்டிக் கத்தியதெல்லாம் ஒரே அடுப்பில் வெந்த இரண்டு பண்டத்துக்காக. இதைச் சொல்ல நீர் இல்லையே என்று அன்றைக்கு வருத்தமாக இருந்தது.

என் மகனைப் பள்ளிக்கூடத்தில் டவுன் பிள்ளைகளோடு வைத்து மட்டமாகப் பேசியபோது, "எந்த ரோட்டில வந்தான்னு பாத்தீங்களா, எத்தனை பாரத்தோட வந்தான்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். மருமகள்களை ஒருத்தியோடு ஒருத்தி ஒப்பிட்டுப் பேச பார்வதியை விட்டதில்லை. ஒரு ஆள் எங்காவது கொதித்து நின்றால், இவன் இனமே இப்படி என்று சொல்வதற்கு முன்னால், அவன் மூக்கில் என்ன தொங்குகிறது என்று பார்க்கிறேன். உம்மிடம் இதை எல்லாம் நான் கற்றுக்கொண்டதாக நினைக்கவில்லை. உம்மோடு சுற்றியதில் ஒட்டிக்கொண்டது.

உம்மைக் கொண்டுபோன நாளில், பிள்ளைகள் பாசத்தில் வண்டியின் முன்பக்கம் முழுவதும் மலர்வளையமும் மாலையுமாகச் சாத்திவிட்டார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு பையன் தடுக்க வந்தான். உம் மனைவி அழுகையை நிறுத்தி, "விடு தம்பி. வடிவாப் பாத்து மேல போடுங்கோ" என்றார். எல்லாவற்றையும் கூரையில் கட்டினேன். பையில் கிடந்த காகிதத்தைக் கிரில்லுக்குக் கிட்ட வைத்தேன். சப்பென்று ஒட்டியது. டீசல் வண்டிதான், ஐசே. மேட்டிலும் நிற்கவில்லை, வளைவிலும் நிற்கவில்லை. உம்மை ஒரு சொட்டு ஆவி இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

நேற்றுப் பேரன் எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போனான். ஆயர் குரோ பக்கம் ஒரு மேட்டில் ஏறும்போது, பின் சீட்டில் இருந்த பார்வதி அவனைப் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"நல்ல சத்தம்தான்" என்றாள்.